தோட்டாவுக்குள் இலவம் பஞ்சு எதற்கு?

மாணவர்களே, ஜார்ஜ்டவுனில் பாடாங் கோட்டா கடற்கரைப் பக்கம் போயிருந்தால் கார்ன்வாலிஸ் கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதன் மதில்மேல் கடலை நோக்கியபடி ஒரு பழைய டச்சுப் பீரங்கி நிற்கிறது. பெயர் ஸ்ரீ ரம்பாய். வார்க்கப்பட்ட ஆண்டு 1603. குழந்தை வரம் வேண்டி அதற்குப் பூ வைத்தவர்களும் உண்டு.

இந்தக் கோட்டையைப் பற்றி பினாங்கில் ஒரு கதை சொல்வார்கள். 1786இல் பிரான்சிஸ் லைட் இங்கே வந்தபோது எங்கும் அடர்ந்த காடு. அதை வெட்ட ஆட்கள் தயங்கினார்கள். உடனே அவர் பீரங்கிக்குள் வெள்ளிக் காசுகளைப் போட்டுக் காட்டுக்குள் சுட்டாராம். காசு தேடிப் போனவர்கள் காட்டையும் வெட்டி முடித்தார்களாம்!

கதை நடந்ததோ இல்லையோ, அதற்குள் ஓர் அறிவியல் கேள்வி ஒளிந்திருக்கிறது. வெடிமருந்தின்மேல் காசுகளை அப்படியே கொட்டிச் சுட்டால் அவை தூரம் போகுமா?

போகாது. வெடிமருந்து எரிந்ததும் சூடான வாயு உண்டாகிறது. அந்த வாயு விரிந்து தள்ளுவதால்தான் குண்டு பறக்கிறது. காசுகளுக்கு இடையிலோ எத்தனையோ சந்துகள். வாயு அவற்றின் வழியே நழுவிவிடும். மிதிவண்டிக் காற்றடிக்கும் பம்பில் வாஷர் தேய்ந்துவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் டயருக்குள் காற்று ஏறாது அல்லவா? அதே கதைதான். அதனால் அக்காலப் பீரங்கிக்காரர்கள் பழைய கயிற்று நார், வைக்கோல் போன்றவற்றைச் சுருட்டித் தக்கையாக வைத்து அடைத்தார்கள்.

அவர்களுக்கு இன்னொரு விதியும் இருந்தது. குண்டை மருந்தோடு ஒட்டும்வரை உள்ளே தள்ளிக் கெட்டிக்க வேண்டும். நடுவில் காலி இடம் விட்டால் பீரங்கியே வெடித்துச் சிதறலாம். வாயு அந்த இடைவெளியில் வேகமெடுத்துப் பாய்ந்து, அசையாமல் இருக்கும் குண்டின்மேல் மோதும். மோதிய இடத்தில் அழுத்தம் திடீரென்று ஏறிவிடும்.

இனித் துப்பாக்கித் தோட்டாவுக்கு வருவோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி கொடுக்கும் சிறு மூடி, உள்ளே மருந்து, வாயில் குண்டு: இவ்வளவுதான் தோட்டா. 1873இல் அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட 45-70 என்ற தோட்டாவில் 70 கிரெயின், அதாவது ஏறத்தாழ 4.5 கிராம் கரிமருந்து நிரம்பியிருந்தது. காலி இடம் கிடையாது.

1884இல் பிரான்சின் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அது கரிமருந்தைவிட ஆற்றல் மிக்கது. கொஞ்சம் போட்டாலே போதும். ஆனால் பழைய கூடுகளின் அளவு மாறவில்லை. மருந்து குறைந்தது, உள்ளே காலி இடம் வந்தது.

ஈயத்தை உருக்கி அச்சில் வார்த்த குண்டுகளுக்கு இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். ஈயம் மென்மையான உலோகம். 327 பாகை செல்சியசிலேயே உருகிவிடும். செம்பு உறை இல்லாத அத்தகைய குண்டை மிக வேகமாகச் செலுத்தினால் ஈயம் உரிந்து குழலின் உட்புறத்தில் அப்பிக்கொள்ளும். ஆகவே மெதுவாகச் செலுத்த வேண்டும். மருந்தை இன்னும் குறைக்க வேண்டும். காலி இடம் இன்னும் பெரிதாகிறது.

காலி இடத்தால் என்ன கெட்டுவிடும்? நீங்களே பாருங்கள். மூடியுள்ள ஒரு தெளிவான பிளாஸ்டிக் போத்தலில் கால் பங்கு உப்பு போடுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் உப்பு அடியில் இருக்கும். படுக்க வைத்தால் பக்கவாட்டில் பரவும். மூடிப் பக்கம் சாய்த்தால் அடியைவிட்டே ஓடிவிடும். அடிப்பக்கம்தான் பொறி எழும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிலையிலும் மருந்து தீப்பிடிக்கும் விதம் வேறாகும். ஒரு குண்டு வேகமாகப் போகும், அடுத்தது மெதுவாகப் போகும்; இரண்டும் ஒரே இடத்தில் படா.

இப்போது உப்பின்மேல் பஞ்சை நிரப்பி மூடுங்கள். எப்படிச் சாய்த்தாலும் உப்பு நகராது. இலக்கு சுடும் விளையாட்டுக்காகச் சில நாடுகளில் உரிமத்துடன் தோட்டா தயாரிப்பவர்கள் இதைத்தான் செய்கிறார்கள். அவர்கள் பயன்படுத்தும் நிரப்பிகளில் ஒன்று நம் வீட்டுத் தலையணைக்குள் இருந்த இலவம் பஞ்சு! மலாயில் கெக்காபு என்கிறோமே, அதேதான். அதன் இழை உள்ளே பொள்ளலான குழாய். அதனால் எடை மிகக் குறைவு. அமுக்கினாலும் திரும்ப விரியும். இலவு காத்த கிளிக்குப் பயன்படாத பஞ்சு இங்கே பயன்பட்டுவிட்டது.

அப்படியானால் எதையாவது போட்டு அடைத்தால் போதுமா? அங்கேதான் ஆபத்து. நிரப்பியும் எடையுள்ள பொருள். அது மருந்துக்கு இருந்த இடத்தைச் சுருக்குகிறது, அழுத்தம் உயர்கிறது. தக்கைக்கும் குண்டுக்கும் நடுவில் இடைவெளி விட்டால், தக்கை பாய்ந்து குண்டின் அடியில் மோதும். அந்த இடத்தில் எஃகுக் குழலே வளையம்போல் வீங்கிவிடுவதுண்டு. பீரங்கிக்காரர்களின் பழைய விதி இங்கும் பொருந்துகிறது.

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். ஆகவே தோட்டா நம் கைக்கு எட்டாத பொருள். ஆனால் கைக்கு எட்டும் ஆபத்து ஒன்று உண்டு: பெருநாள் காலத்தில் சிலர் இரகசியமாக வெடிக்கும் மெரியாம் பூலு, அதாவது மூங்கில் பீரங்கி.

தோட்டா மருந்து தனக்கு வேண்டிய ஆக்சிஜனைத் தன்னோடு கொண்டுவருகிறது. மூங்கில் பீரங்கி அப்படியல்ல. எரிவாயு, குழாயின் காலி இடத்தில் உள்ள காற்றோடு கலந்து அங்கேயே வெடிக்கிறது. அங்கே காலி இடம் முழுவதுமே வெடிமருந்து! குழாய் பெரிதானால் வெடிப்பும் பெரிதாகும். எவ்வளவு வாயு சேர்ந்தது, காற்றோடு எப்படிக் கலந்தது என்பது வெளியே நிற்பவர் கண்ணுக்குத் தெரியாது. மூங்கிலுக்குப் பதில் இரும்புக் குழாய் என்றால், அது பிளந்து சிதறும் ஒவ்வொரு துண்டும் ஒரு குண்டு. உங்கள் வயதுப் பிள்ளைகள் விரலையும் பார்வையையும் இழந்தது இப்படித்தான்.

அடுத்த முறை கோட்டைக்குப் போனால் ஸ்ரீ ரம்பாயின் வாய்க்குள் எட்டிப் பாருங்கள். ஒன்றுமில்லாததுபோல் தெரியும் அந்த இடத்துக்குத்தான் பீரங்கிக்காரர்கள் அதிகம் பயந்தார்கள். யாராவது மூங்கிலோ குழாயோ கொண்டுவந்து, "உள்ளே ஒன்றுமில்லை, சும்மா பற்ற வை" என்றால், போத்தலில் உருண்ட உப்பை நினைத்துக்கொண்டு விலகி வாருங்கள். நண்பனையும் கையைப் பிடித்து அழைத்து வாருங்கள்.