இருளிற் பேசும் தாள்

பகலிலே கண்ணுக்குத் துணை கதிரவன். இரவிலே வீதியிற் செல்வோனுக்குத் துணை அவன் கையிலுள்ள விளக்கு. அஃதில்லையாயின், எதிரே வருபவனுடைய விளக்கு. பிறனுடைய விளக்கைத் தன் காவலாக்கிக்கொள்ளும் வழியை மனிதன் கற்றுக்கொண்டது அண்மைக் காலத்திலேதான். பாரவூர்திகளின் பின்புறத்திலும், வளைவுகளில் நிற்கும் எச்சரிக்கைப் பலகைகளிலும், மோட்டார் விளக்கின் ஒளி பட்டவுடன் பளீரெனச் சுடர்விடும் தாள்களை நாம் நாடோறும் காண்கின்றோம். கடையிலே “ரிப்ளெக்டர் ஸ்டிக்கர்” என்று கேட்டால் சுருள் சுருளாக எடுத்து வைப்பார்கள். எல்லாம் ஒன்றுபோலவே மின்னும். விலை மட்டும் பல மடங்கு வேறுபடும். எதனை வாங்குவது? வினா சிறிதெனத் தோன்றினும், இருளில் ஓர் உயிர் தப்புவதும் தப்பாததும் சிலவேளை இதன் விடையையே பொறுத்திருக்கின்றது.

ஒரு சிறு கணக்கு

மாணவர்கள் இக்கணக்கைச் செய்து பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் செல்கின்றது. முன்னே ஏதோ நிற்கின்றது என்று கண்டு, அதனை உணர்ந்து, தடுப்பை மிதிப்பதற்குச் சாரதிக்கு ஒன்றரைச் செக்கன் ஆகுமெனக் கொள்வோம். அதற்குள் வண்டி 25 மீற்றர் ஓடிவிடும். மிதித்த பின்னர், செக்கனொன்றுக்குச் செக்கனுக்கு 5 மீற்றர் வீதம் வேகம் குறையுமாயின், இன்னும் 28 மீற்றர் ஓடியே நிற்கும். கூட்டினால் 53 மீற்றர். எதிரே வருவோர் கண் கூசாதிருக்கத் தாழ்த்திவைத்த விளக்கொளியிலே, கருநிற உடையோடு நடப்பவரும் விளக்கற்ற வண்டியும் இத்தூரத்திலே தெளிவாகத் தெரிவது அரிது. தெரியும்போது காலம் கடந்துவிடுகின்றது.

அறுவடைக் காலத்திலே நெல்மூடைகளை ஏற்றிக்கொண்டு, பின்விளக்கின்றி, இரவில் ஊர்ந்து செல்லும் இருசக்கர உழவு இயந்திரப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். பின்னால் வரும் பஸ் வண்டியின் சாரதி குருடனல்லன், குடித்தவனுமல்லன். ஆயினும் அவன் கண்ணுக்குச் செய்தி சொல்ல அப்பெட்டியில் எதுவுமில்லை.

ஒளி திரும்பும் விதம்

ஒளி தெறிப்பது மூவகை. வெள்ளைச் சுவரிற் பட்ட ஒளி எல்லாத் திசையிலும் சிதறும். அதிலே சாரதியின் கண்ணை வந்தடைவது மிகச் சிறு பங்கு. கண்ணாடியிற் பட்ட ஒளி, சரிந்து வந்தால் மறுபக்கமாகச் சரிந்தே போய்விடும், சாரதிக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது வகை, வந்த ஒளி வந்த வழியே திரும்புவது. இதனை மீள்தெறிப்பு என்று கூறலாம். இருளிலே பூனையின் கண் ஒளிர்வது இதனாலேதான். இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதியைச் சேர்ந்த பேர்சி ஷோ என்பவர், வீதியின் நடுவே பதிக்கும் கண்ணாடிக் குமிழை ஆக்கி, 1934இல் காப்புரிமை பெற்றார். அதற்கு அவர் இட்ட பெயரும் ‘பூனைக்கண்’ என்பதே.

அதே தத்துவத்தைத் தாளிலே அமைத்தவர்கள் அமெரிக்காவின் 3எம் கம்பனியார். அவர்களது ‘ஸ்கொச்லைற்’ தாள் ஒட்டிய முதல் வீதிப்பலகை 1939இல் மினியாப்பொலிஸ் நகரின் அருகே நாட்டப்பட்டது. ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்கினுஞ் சிறிய கண்ணாடி மணிகளை நெருக்கமாகப் பதித்து, பின்னால் உலோகப் பூச்சிடுவதே இத்தாளின் இரகசியம். சாதாரணக் கண்ணாடியின் முறிவுச்சுட்டி 1.5, அத்தகைய மணி ஒளியைத் தனக்குப் பின்னே அப்பாற் குவிக்கும். சுட்டி 2ஐ நெருங்கினால், ஒளி மணியின் பின்முகத்திலேயே குவிந்து, தெறித்து, வந்த திசைக்கே மீளும். திறந்த மணிமேல் மழைநீர் படிந்தால் இக்குவியம் கெட்டுவிடும். ஆதலின் பின்னாளிலே மணிகளைத் தெளிந்த பிசினுள்ளே புதைத்து மேற்பரப்பை வழுவழுப்பாக்கினர்.

மணிக்குப் பதிலாக நுண்ணிய அரியங்களைப் பதிப்பது பிறிதொரு முறை. ஓர் அறையின் மூலையிலே இரு சுவரும் தரையும் ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கூடுகின்றன அல்லவா? அத்தகைய மூலையிற் புகுந்த ஒளி மூன்று முகத்திலும் தெறித்து வந்த திசைக்கே மீளும். 1969இல் அப்பல்லோ 11 விண்வெளி வீரர் சந்திரனில் வைத்துவந்த கருவியிலே இத்தகைய அரியங்கள் நூறு உள. பூமியிலிருந்து லேசர்க் கதிர் பாய்ச்சிச் சந்திரனின் தூரத்தை அளக்க அவை பயன்படுகின்றன. சந்திரனின் தூரத்தை அளக்கும் தத்துவமும், நெல்வண்டியின் பின்னால் ஒட்டும் தாளின் தத்துவமும் ஒன்றே.

வாங்குபவன் வேறு, காண்பவன் வேறு

திரும்பும் ஒளி, ஒடுங்கிய கூம்புபோல, புறப்பட்ட விளக்கையும் அதனை அடுத்த சிறு வெளியையுமே சேரும். விளக்குக்குச் சற்று மேலே சாரதியின் கண் இருப்பதால் அவன் காண்கின்றான். வீதியோரம் நிற்பவன் காண்பதில்லை. வண்டிக்கு உரியவனும் தன் வண்டியின் ஒளிர்வைக் காண்பதில்லை. கடையின் வெளிச்சத்திலே பளபளப்பைப் பார்த்து அவன் தாளைத் தெரிகின்றான். அத்தாள் தொழில் செய்வதோ அவன் அறியாத ஒருவன் கண்ணுக்கு. மலிவுத் தாள் நிலைபெற்றிருப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே, கடைக்குப் போகும்போது ஒரு ரோச் லைற்றைக் கொண்டு செல்லுங்கள். நிழலான இடத்திலே தாளை நிறுத்தி, பத்தடிக்கு அப்பால் நின்று, விளக்கைக் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துப் பாருங்கள். நல்ல தாள் சுடர்போல் எரியும். வெறும் மினுக்கத் தாள் மங்கிக் கிடக்கும். அடுத்துத் தாளைச் சரித்துப் பாருங்கள். சிறிது சரித்தவுடன் அணைந்துபோவது வளைவுகளுக்கு உதவாது. பின்பு நீர் தெளித்துப் பாருங்கள். மூன்றிலும் தேறுவதே கொள்ளத்தக்கது.

தரமும் எண்ணும்

தரத்தை எண்ணாலும் அறியலாம். ஒரு சதுர மீற்றர் தாளில் ஒரு லக்ஸ் ஒளி பட்டால் எத்தனை கண்டெலா மீள்கின்றது என்பதே அளவுகோல். ஏ.எஸ்.ரி.எம். டி 4956 என்னும் அமெரிக்க நியமத்தின்படி, விளக்குக்கும் கண்ணுக்கும் இடைக்கோணம் 0.2 பாகையாயிருக்கையில், மணிகள் புதைந்த முதலாம் வகை வெள்ளைத் தாள் குறைந்தது 70 அளவு திருப்பவேண்டும். மூன்றாம் வகைக்கு 250. அரியம் பதித்த நான்காம் வகைக்கு 360. பதினோராம் வகைக்கு 580. முதலாம் வகையை வணிகர் ‘எஞ்சினியர் கிரேட்’ என்பர். அது ஏறக்குறைய ஏழாண்டும், உயர்வகை பத்தாண்டும் உழைக்குமெனத் தயாரிப்போர் கூறுவர். கடும் வெயிலும் கடலின் உப்புக்காற்றும் அக்காலத்தைக் குறைக்கும்.

நிறமும் கவனிக்கத்தக்கது. முதலாம் வகையிலேயே வெள்ளை 70 திருப்ப, மஞ்சளுக்கு 50உம், சிவப்புக்கு ஏறக்குறைய 14உம், நீலத்துக்கு 4உமே விதிக்கப்பட்டுள்ளன. எனவே கடுநிறப் பலகைக்கு உயர்ந்த தாளே வேண்டும். கறுப்பு ஒளியைத் திருப்பாது. ஆகையால் மஞ்சள் மேற் கறுப்பெழுத்து இரவிலும் தெளிவாகும். ஒளிபுகா மையினால் அச்சிட்டால் அவ்விடமெல்லாம் இருண்டுவிடும். ஒளிபுகும் மையே தகும்.

இடத்துக்கு ஏற்ற தாள்

தனியார் வளவின் வாயிற்பலகைக்கு முதலாம் வகை போதும். விரைந்தோடும் வீதிக்கும் வளைவுக்கும் மூன்றாம் வகையோ அதற்கு மேற்பட்டதோ வேண்டும். பாரவூர்திச் சாரதி உயர அமர்ந்திருத்தலால் அவன் கண் விளக்குக்குத் தூரமாகின்றது; அகன்ற கோணத்திலும் ஒளி தரும் தாளே அவனுக்குப் பயன்படும்.

வண்டிகளுக்கென ஐக்கிய நாடுகளின் ஐரோப்பியப் பொருளாதார ஆணைக்குழு வகுத்த 104ஆம் இலக்க விதி உண்டு. 50 முதல் 60 மில்லிமீற்றர் வரை அகலமுள்ள நாடா; பக்கங்களிலே வெள்ளை அல்லது மஞ்சள், பின்புறத்திலே சிவப்பு அல்லது மஞ்சள். அவ்விதிக்கமைந்த நாடாவின் முகத்திலே, வட்டத்துள் ‘ஈ’ என்னும் ஆங்கில எழுத்தும் 104 என்னும் எண்ணும் பொறித்திருக்கும். அமெரிக்காவில் 1993 டிசம்பர் முதல் புதிய பாரவூர்தித் தொடர்பெட்டிகளுக்கு இத்தகைய நாடா கட்டாயமாயிற்று. இருளிலே அப்பெட்டிகளின் பக்கத்திலும் பின்னிலும் பிற வண்டிகள் மோதுவது நூற்றுக்கு 29 வீதம் குறைந்தது என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2001இல் அறிவித்தது. சில முழ நாடாவினால் விளைந்த நன்மை இது!

இரண்டு மயக்கங்களை நீக்கவேண்டும். கண்ணைப் பறிக்கும் பச்சைமஞ்சள் நிறம் புளோரொளிர்வினால் வருவது. புறவூதாக் கதிரை அது காணும் ஒளியாக மாற்றுகின்றது. பகலிலும் அந்தியிலும் உதவும், நள்ளிரவிலே தனித்து உதவாது. மற்றொன்று, கட்டடத்தினுள் ‘வெளியேறும் வழி’ காட்டும் பலகை. மின்சாரம் நின்று புகை சூழ்ந்தபோது ஓடுபவர் கையில் விளக்கு இராது. மீள்தெறிக்கும் தாள் அங்கே ஊமையாகிவிடும். தானே ஒளியைச் சேமித்து இருளில் வெளியிடும் தாள்தான் அவ்விடத்துக்கு உரியது.

ஒட்டும் முறை

நல்ல தாளும் அழுக்கின்மேல் நில்லாது. சவர்க்கார நீராற் கழுவி, எண்ணெய்ப் பசையை மதுசாரத்தினால் துடைத்து, நன்கு உலர்ந்தபின் ஒட்டுக. ஒரு முனையிலிருந்து காற்றை வெளியேற்றிக்கொண்டு அழுத்துக. தறையாணித் தலைகளைச் சுற்றி வெட்டிவிடுக. இரு துண்டு சேருமிடத்தில், கிடுகு வேய்வோர் செய்வதுபோல, மேற்றுண்டின் அடி கீழ்த்துண்டின் தலைமேற் படியட்டும், நீர் உட்புகாது. பின்னர்ச் சேறு படிந்தபோதெல்லாம் கழுவவேண்டும். சேறு மூடிய தாள் இல்லாத தாளே.

தாள் விளக்காகாது என்பதையும் மறத்தலாகாது. பிறர் விளக்குப் பட்டாலன்றி அது பேசாது. வண்டிக்குப் பின்விளக்கும் துவிச்சக்கரவண்டிக்கு முன்விளக்கும் வேண்டியனவே. ஆயினும் விளக்கு பழுதாகும், மின்கலம் தீரும். தாள் காத்து நிற்கும். அந்தியிலே வகுப்பு முடிந்து திரும்பும் பிள்ளையின் புத்தகப்பையிலும், சைக்கிளின் பின்தாங்கியிலும் ஒரு சாண் நல்ல நாடாவை இன்றே ஒட்டிவிடுங்கள். அதன் ஒளியை நீங்கள் காணமாட்டீர்கள், காணவேண்டியவன் காண்பான்.