பஸ்கா இரவு

யூதர் போற்றும் விழாக்களுள் பஸ்கா மிகத் தொன்மையானது. எகிப்து நாட்டில் அடிமைப்பட்டிருந்த அவர்தம் முன்னோர் மோசேயின் தலைமையில் விடுதலை பெற்றதை அது நினைவூட்டுகின்றது. இளவேனிற்காலத்தில், நிசான் திங்கள் 15ஆம் நாள் இரவில் அதற்குரிய விருந்து நிகழும். யூதர்க்கு நாள் பிறப்பது கதிரவன் மறையும்போதேயாம்.

விருந்துக்குரிய இடம் தொழுகைக்கூடம் அன்று, இல்லமே. புளித்த மாப்பண்டம் ஒரு துணுக்கும் எஞ்சாதவாறு வீட்டார் மூலைமுடுக்கெல்லாம் தூய்மை செய்வர். முன்னோர் விரைந்து புறப்பட்டபோது மாவு புளிக்கப் பொழுதில்லை; ஆதலின் புளியாத அப்பமே அன்று உண்ணப்படும். மாவில் நீர் பட்ட 18 நிமிடங்களுக்குள் அதனை அடுப்பில் இடுதல் வேண்டும். அடிமைத் துயரை உணர்த்தக் கசப்புக் கீரையும், கண்ணீரை உணர்த்த உப்புநீரும், செங்கற் சுவருக்குக் குழைத்த சாந்தை உணர்த்த ஓர் இனிய விழுதும் மேசைமீது இருக்கும். இவ்விழுதை ஐரோப்பிய யூதர் பலர் ஆப்பிளும் கொட்டைப்பருப்பும் கலந்து ஆக்குவர். கீழை நாட்டு யூதர் பேரீச்சம்பழத்தால் ஆக்குவர்.

இப்புதுமைகளைக் கண்டு குழந்தைகள் வினவுதல் வேண்டும் என்பதே நோக்கம். வீட்டின் இளைய குழந்தை நான்கு வினாக்களை இசையோடு கேட்கும். பெரியோர் அகாதா என்னும் நூலைப் படித்து விடை பகர்வர். குழந்தை இல்லாவிடின் மனைவி வினவுவாள். தனித்து உண்பவன் தன்னைத்தானே வினவிக்கொள்வான். விடையை நன்கு அறிந்த புலவர் இருவர் கூடியிருப்பினும் ஒருவரையொருவர் வினவியே தீரவேண்டும் என்பது தல்மூது வகுத்த விதி. எத்துணை நுண்ணிய விதி இது!

நெடுநேரம் நீளும் விருந்தில் குழந்தைகள் உறங்கிவிடலாகாதே! அதற்கும் வழி கண்டுள்ளனர். அப்பமொன்றைப் பிட்டு, அதன் பெரும்பகுதியைத் துணியிற் சுற்றி ஒளித்துவைப்பர். அதனை உண்டாலன்றி விருந்து நிறைவுறாது. தேடிக் கண்டெடுத்த சிறுவர் அதனை எளிதில் தருவரோ? பரிசு கொடுத்தே பெரியோர் மீட்டல் வேண்டும்.