வானத்துக் கல்லா, மலைக் கல்லா? காட்டிக் கொடுக்கும் கலர்!

போடி, சிலமலை பக்கம் மலையடிவாரத்தில் ஒரு கறுப்புக் கல்லை எடுத்து நீட்டி, "அண்ணே, இது வானத்துல இருந்து விழுந்த கல்லு. லட்சக்கணக்குல போகும்" என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வது?

பையில் கை வைக்கும் முன் கல்லில் ஒரு சில்லு பெயர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். குட்டு உடைந்து விடும்!

விண்கல், இரிடியம் என்று ஆசை காட்டிப் பணம் பறித்த வழக்குகள் தமிழ்நாட்டில் பல முறை போலீசுக்கு வந்திருக்கின்றன. கனமாக இருக்கிறது, காந்தம் ஒட்டுகிறது என்பதை வைத்து ஏமாந்தவர்கள் உண்டு. இரும்பு உருக்கிய கசடிலும் காந்தம் ஒட்டும்.

இந்த மலைக் கல்

போடி மேற்கு மலைக் கல்லும் லேசுப்பட்டது அல்ல. கறுத்து, கனத்து, உளிக்கு மசியாத "சார்னோகைட்" இனம். பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு விஞ்ஞானிகள் இடம் பார்த்ததற்கு இந்தப் பாறையின் உறுதியும் ஒரு காரணம். 2015-ல் மத்திய மந்திரி சபை ஒப்புதல் கொடுத்தும், எதிர்ப்பு கிளம்பியதால் சுரங்கம் தோண்டப்படவில்லை.

கல்கத்தா நகரோடு சேர்த்துப் பேசப்படும் ஜாப் சார்னாக் என்ற வெள்ளைக்காரரின் கல்லறைக் கல் இதே இனம். அதனால்தான் 1893-ல் தாமஸ் ஹாலண்ட் என்ற நிபுணர் அந்தப் பெயரை வைத்தார்.

பார்ப்பது எப்படி?

கல்லில் சிறு துண்டு அறுத்து, கண்ணாடியில் பசை போட்டு ஒட்டி, கார்பரண்டம் பவுடரில் தேய்க்க வேண்டும். 0.03 மில்லி மீட்டர், அதாவது தலைமுடியை விட மெல்லியதாக வரும் வரை தேய்க்க வேண்டும். அப்போது கறுங்கல்லும் கண்ணாடி மாதிரி வெளிச்சம் விடும். தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். கல் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

சீவலுக்குக் கீழே ஒரு போலராய்டு தகடு, மேலே ஒன்று. வெளிச்சம் எல்லாப் பக்கமும் அதிரும். தகடு ஒரு திசை அதிர்வை மட்டும் விடும். பாடப் புத்தகத்தில் இதைத் தளவிளைவு என்பார்கள். இரண்டு தகட்டையும் குறுக்காக வைத்தால் ஒரே இருட்டு. நடுவில் கல் சீவலை நுழைத்தால் இருட்டுக்குள் கலர் பூக்கும்! கல்லில் உள்ள படிகங்கள் வெளிச்சத்தைத் திருப்புவதால் வருகிற வேடிக்கை இது.

சார்னோகைட் சீவலில் சாம்பலும் வெள்ளையுமாகப் படிகங்கள் ஒன்றையொன்று நெருக்கிக் கொண்டு நிற்கும். மேல் தகட்டை எடுத்துவிட்டு சீவலைச் சுற்றினால், அதிலுள்ள "ஹைபர்ஸ்தீன்" லேசான ரோஸ் நிறத்திலிருந்து பச்சைக்கு மாறும்.

மதுரை ஜில்லாவில் விழுந்த கல்

விண்கல் சீவலில் காட்சியே வேறு. கடுகு போலவும் அதை விடச் சிறிதாகவும் உருண்டை உருண்டையாக மணிகள். மணிக்குள் நீலம், ரோஸ், மஞ்சள் என்று பளபளப்பு. சிலவற்றில் ஜன்னல் கம்பி மாதிரி வரிகள். இடையிடையே வெளிச்சமே விடாத இரும்புத் துணுக்குகள்.

இந்த மணிகள் உருகிய துளிகளாக இருந்து உறைந்தவை. வயது சுமார் 456 கோடி ஆண்டு. பூமி முழுதாக உருவாவதற்கு முந்தியவை. பூமிக் கல்லில் இந்த மணிகள் கிடையாது. எல்லா விண்கல்லிலும் இவை இருக்காது என்றாலும், விழுகிற கற்களில் 100-க்கு 80-க்கு மேல் இந்த வகைதான்.

இதற்குப் பேர் போன ஒரு கல் அன்றைய மதுரை ஜில்லாவில் விழுந்திருக்கிறது. போடியும் அப்போது அதே ஜில்லா! 1857 பிப்ரவரி 28-ந் தேதி விழுந்தவை 2 கற்கள். மொத்த எடை சுமார் 77 கிலோ. "பர்னல்லி" என்ற பெயரில் உலகம் முழுதும் அறிமுகம். பெரிய கல் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வெளிநாடுகளில் இத்தகைய சீவல்களை வாங்கி, ராத்திரி உட்கார்ந்து பார்த்து ரசிப்பதைப் பொழுதுபோக்காகவே வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் போடி மலைக் கல்லிலேயே ஆரம்பிக்கலாம். செலவும் குறைவு.

நிஜமாகவே கல் விழுந்ததைக் கண்டால் தாசில்தார் ஆபீசில் சொல்ல வேண்டும். நாட்டின் விண்கற்களைப் பாதுகாப்பது இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை.

விலை பேச வருகிற ஆளிடம், "ஒரு சில்லு கொடுங்க, சீவல் போட்டுப் பார்ப்போம்" என்று கேட்டுப் பாருங்கள். ஆள் நழுவினால் அதுவே பதில்!