பனித்துளிக்குள் ஒரு பூ

பொழுதுபோக்குகள் பல வகை. அஞ்சல்தலை சேர்ப்போர் உண்டு. நாணயம் சேர்ப்போர் உண்டு. ஒரு நாழிகைகூட நிலைக்காத ஒன்றைச் சேர்த்து வைக்கும் பொழுதுபோக்கும் உண்டு. மலர்களின் மேல் நிற்கும் நீர்த்துளிகளைப் படம் பிடிப்பதே அது. இதற்கு நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. வீட்டுக் கொல்லையில் ஒரு செம்பருத்திச் செடியும், ஒரு கேமராவும், விடியலில் எழும் பழக்கமும் போதும்.

சிறு துளி பெரும்பொருளைக் காட்டும் என்பது நமக்குப் புதிதன்று. திருவள்ளுவமாலையில் கபிலர் பெயரால் வழங்கும் வெண்பா, புல்மேல் நிற்கும் சிறு நீர்த்துளி நெடிய பனையைக் காட்டுவதைக் குறளுக்கு உவமையாக்குகிறது. அந்தக் காட்சியை லென்ஸ் வழியே நாமே காணலாம்.

இந்தப் பொழுதுபோக்கில் எனக்குக் கிடைத்த முதல் பாடத்தைச் சொல்லிவிடுகிறேன். துறைக் கண்காட்சி ஒன்றில் ரோஜா இதழ்மேல் துளிகள் நிற்கும் படம் ஒன்றை வைத்து, அதன் கீழ் ‘மார்கழிப் பனி’ என்று எழுதியிருந்தேன். பலரும் பாராட்டினர். பேராசிரியர் ஒருவர் மட்டும் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, “தம்பி, பூவுக்கு மேலே தாழ்வாரத்துக் கூரை தெரிகிறதே! கூரைக்குக் கீழே பனி எப்படி வந்தது?” என்று கேட்டார். நான் விடை சொல்லவில்லை. அது மாலை நான்கு மணிக்கு நான் தெளிப்பானால் தெளித்த நீர்.

பனி பிறக்கும் விதம்

‘பனி பெய்கிறது’ என்கிறோம். உண்மையில் பனித்துளி வானிலிருந்து விழுவதில்லை. மேகமற்ற, காற்றில்லாத இரவில் இலையும் இதழும் தம் வெப்பத்தைக் கதிர்வீச்சாக வானுக்கு இழந்து, சூழ்ந்துள்ள காற்றைவிடக் குளிர்ந்து விடுகின்றன. அவற்றைத் தொடும் காற்றிலுள்ள நீராவி அங்கேயே துளியாகிறது. இதனை வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்னும் மருத்துவர் 1814-இல் வெளியிட்ட தம் பனி பற்றிய நூலில் விளக்கினார். கம்பளி இழைகளை எடைபோட்டு, பலகையின் மேலும் கீழுமாக இரவில் வைத்து, மறுபடியும் எடைபோட்டுப் பார்த்தவர் அவர். திறந்த வானைப் பார்த்திருந்த கம்பளியே மிகுதியாக நனைந்தது. பேராசிரியரின் கேள்விக்கு அடிப்படை இதுதான். கூரை, வானை மறைத்துவிடுகிறது. கூரைக்குக் கீழுள்ள பூ அவ்வளவு குளிர்வதில்லை.

புல்நுனியிலும் இலை விளிம்பிலும் ஒழுங்காக வரிசையிட்டு நிற்கும் துளிகளைப் பனியென்று எண்ணிவிடாதீர்கள். பெரும்பாலும் அவை, வேரின் அழுத்தத்தால் இலையின் நுண்துளைகள் வழியே செடியே வெளியேற்றிய நீர்.

துளியின் வடிவம்

பரப்பு இழுவிசை நீரின் புறப்பரப்பைக் கூடியவரை சுருக்குகிறது. ஆகவே 2 மி.மீ.க்கு உட்பட்ட துளிகள், இலையோ இதழோ நீரை விலக்கும் தன்மையுடையதானால், ஏறத்தாழ உருண்டையாகவே நிற்கும். பெருந்துளிகளைப் புவியீர்ப்பு தட்டையாக்கிவிடும்.

தாமரை இலைத் தண்ணீர் ஒட்டாமல் ஓடுவதற்குக் காரணம் இலையின் மேலுள்ள நுண்ணிய மேடுகளும் மெழுகும் ஆகும். பார்த்லாட், நைன்ஹுய்ஸ் என்னும் ஜெர்மானியத் தாவரவியலார் 1997-இல் வெளியிட்ட ஆய்வு இதனைப் புகழ்பெறச் செய்தது. சேப்பங்கிழங்கு இலையும் இத்தகையதே. ரோஜா இதழோ வேறு விதம். அதன்மேல் துளி முத்தாகத் திரண்டு நிற்கும். ஆனால் இதழைத் தலைகீழாகத் திருப்பினாலும் விழாது. 2008-இல் ஆய்வாளர்கள் இதற்கு ‘இதழ் விளைவு’ என்றே பெயரிட்டனர். படம் பிடிப்பவனுக்குத் தாமரை இலை பகை, ரோஜா இதழ் நட்பு!

துளி ஒரு லென்ஸ்

நீரின் ஒளிவிலகல் எண் 1.33. எனவே உருண்டைத் துளி ஒரு குவிலென்ஸாகிறது. அதன் குவியத் தூரம், மையத்திலிருந்து அளந்தால், ஏறத்தாழத் துளியின் விட்டத்திற்குச் சமம். துளிக்குப் பின்னால் ஒரு பூவை வைத்தால் அதன் தலைகீழ் உருவம் துளிக்கும் கேமராவுக்கும் இடையில் விழும். கபிலர் பெயரால் வந்த வெண்பாவின் பனையும் துளியினூடே பார்த்தால் தலைகீழாகத்தான் தெரியும். பூ நேராகத் தெரியவேண்டுமானால் பூவைத் தலைகீழாக வைக்கவேண்டும். அல்லது படத்தைத் திருப்பிக்கொள்ளவேண்டும்.

தொடக்கக்காரர் பலர் இடறுவது இங்கேதான். 2 மி.மீ. விட்டமுள்ள துளியில், விளிம்பு ஒரு தளத்திலும், பூவின் உருவம் அதற்கு ஏறத்தாழ 2 மி.மீ. முன்னால் மற்றொரு தளத்திலும் இருக்கின்றன. பொருளை அதன் அளவிலேயே பதிவு செய்யும் நெருக்கத்தில், 35 மி.மீ. கேமராவில் எஃப் 8 துவாரத்தில் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே 1 மி.மீ. அளவுதான். ஆகவே துளியின் விளிம்பா, உள்ளே தெரியும் பூவா என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கினால் ஆழம் இரு மடங்காகும்; அதற்கும் மேலே சுருக்கினால் ஒளியின் விளிம்பு வளைவால் படம் மங்கும். குவியத்தைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்துக் கணிப்பொறியில் ஒன்றாக்கும் முறையும் இன்று உண்டு.

இதே கணக்கு இன்னொரு ஐயத்தையும் தீர்க்கிறது. நண்பகலில் நீர் தெளித்தால் துளிகள் வெயிலைக் குவித்து இலையைச் சுட்டுவிடும் என்பர். வழவழப்பான இலையில் துளியின் குவியம் இலைக்கும் கீழே விழுவதால் அவ்வாறு நேர்வதில்லை என்று ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் 2010-இல் காட்டினர். மயிர்கள் துளியை உயர்த்திப் பிடிக்கும் இலைகளில் மட்டுமே சுடுவதற்கு வாய்ப்பு உண்டு.

செய்முறை

விலையுயர்ந்த கருவி கட்டாயமில்லை. 50 மி.மீ. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையில் 50 மி.மீ. நீட்டுக்குழாய் பொருத்தினால் பொருள் தன் அளவிலேயே பதியும். ஆனால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். செல்போனில் மாட்டும் சிறு லென்ஸும் பயிற்சிக்குப் போதும். முக்காலி கட்டாயம் வேண்டும். காற்றில் பூ ஆடினால் மூச்சடக்கிக் காத்திருங்கள். அது நிற்கும் நொடி வரும். வெயில் ஏறிவிட்டால் துளியின்மேல் கண்ணைக் கூசும் வெண்புள்ளி தோன்றும். வெயிலுக்கு எதிரே மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடித்தால் அது தணியும். பூவைப் பறிக்காதீர்கள், செடியிலேயே அது அழகு.

பனி இல்லாத நாளில் தெளிப்பானைப் பயன்படுத்தலாம். நீருடன் சிறிது கிளிசரின் கலந்தால் துளி எளிதில் உலராது. வேலை முடிந்ததும் நல்ல நீரால் பூவைக் கழுவிவிடுங்கள்.

தெளிப்பது குற்றமா என்று கேட்கலாம். குற்றமில்லை. ஓவியன் வண்ணம் தேர்வது போன்றதே அது. தெளித்த நீரின் கீழே ‘பனி’ என்று எழுதுவதுதான் குற்றம். படத்தைப் பார்ப்பவர் அந்த விடியலில் நாம் அங்கிருந்தோம் என்று நம்புகிறார். அந்த நம்பிக்கையை நாம் ஏமாற்றலாகாது. அன்று மாலையே என் படத்தின் கீழிருந்த எழுத்தை அடித்துவிட்டு, ‘தெளித்த நீர், மாலை 4 மணி’ என்று திருத்தினேன். பாராட்டியவர்களுள் சிலர் முகம் சுளித்தனர். பேராசிரியர் மட்டும், “இப்போது இது நல்ல படம்” என்றார்.

அடுத்த மார்கழியில் உண்மையான பனியைத் தேடிப் புறப்பட்டேன். நான்கு விடியல்கள் வீணாயின. ஐந்தாம் நாள் ஒரே ஒரு துளி கிடைத்தது. அதற்குள் ஒரு செம்பருத்தி தலைகீழாக மலர்ந்திருந்தது. நண்பர்களே, நாளை விடியலில் நீங்களும் ஒருமுறை குனிந்து பாருங்கள்!