அகதிச் சிறுவனும் ஒரு பாடற்கோவையும்

மேனாட்டுச் சங்கீதத்தில் ஆரட்டோரியோ என்பதொரு வகை உண்டு. வேஷமும் திரையுமின்றி, தனிப் பாடகரும் பெரும் பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் கூடி ஒரு சரிதத்தை இசையாலேயே நிகழ்த்துவது அது. ஹாண்டெல் இயற்றிய 'மெசையா'வை நம்மிற் பலர் கேட்டிருப்பர். சிலர் பாடியும் இருப்பர். அதைப் போலவே மூன்று பகுதிகளாக, ஆனால் ஓர் அகதிச் சிறுவனின் துயரத்தைப் பொருளாகக் கொண்டு, ஆங்கிலேயரான மைக்கேல் டிப்பெட் இயற்றியதே 'எ சைல்ட் ஆஃப் அவர் டைம்', அதாவது 'நம் காலத்துக் குழந்தை'.

அச்சிறுவன் ஹெர்ஷல் கிரின்ஸ்பான் என்னும் போலந்து யூதன், ஜெர்மனியிற் பிறந்தவன், வயது 17. தங்கும் உரிமையை மறுத்துப் பிரான்ஸ் அவனை வெளியேறப் பணித்தமையால், பாரிஸில் தந்தையின் உடன்பிறந்தார் ஆதரவில் ஒளிந்து வாழ்ந்தான். 1938 அக்டோபர் இறுதியில் அவனுடைய பெற்றோரையும் ஆயிரக்கணக்கான போலந்து யூதரையும் ஜெர்மன் அரசாங்கம் எல்லைக்குத் துரத்திவிட்டது. சகோதரி எழுதிய கடிதத்தால் இதனையறிந்த அவன், நவம்பர் 7ஆம் தேதி ஜெர்மன் தூதரகம் சென்று அதிகாரி ஒருவரைச் சுட்டான். அவர் இறந்த 9ஆம் தேதி இரவே ஜெர்மனியெங்கும் யூத ஆலயங்கள் தீக்கிரையாயின; ஏறக்குறைய 30,000 யூத ஆடவர் சிறைப்பட்டனர்.

இதற்குச் சில மாதங்கள் முன்னர், ஜூலையில், 32 தேசத்தார் பிரான்சிலுள்ள எவியானிற் கூடி அகதிகளைக் குறித்து ஆலோசித்தனர். அனுதாபம் மொழிந்தோர் பலர். வாயிலைத் திறந்தோர் மிகச் சிலர்.

டிப்பெட் இந்நிகழ்ச்சிகளை இசைப்படுத்திய முறை கவனிக்கத்தக்கது. ஒரே பாடகர் குழு ஓரிடத்தில் இரண்டாகப் பிரிந்து, துன்புறுத்துவோராகவும் துன்புறுவோராகவும் பாடுகிறது. சற்றுப் பின்னர் அதே குரல்கள் தம்மையே நீதிமான்களாக எண்ணுவோரின் குரல்களாகி, அகதிகட்கு இடமில்லை என்கின்றன. அப்பால் அக்குரல்களே அடிமைகளின் பாடலைப் பாடுகின்றன. வில்லன் என்று தனியே ஒருவனை நிறுத்தி நாம் தப்பித்துக்கொள்ள வழியில்லை. பாடகர் குழுவில் நின்றவர் அறிவர், தாம் வெறுக்கும் சொல்லை முழுக் குரலிற் பாடுவது எத்துணைக் கடினமென்று!

அடிமைகளின் பாடல் என்றேனே, அதுவே இப்படைப்பின் உயிர். பாக் தமது பாடுகளின் இசையில் லுத்தரன் கீர்த்தனைகளை இடையிடையே அமைத்தார். சபையோர் அனைவரும் அறிந்த மெட்டுக்கள் அவை. டிப்பெட்டுக்கும் அத்தகையன வேண்டியிருந்தன. ஆனால் லுத்தரன் கீர்த்தனையை யூதரும், யூதர் கீர்த்தனையைப் பிறரும் தமதென்று கொள்வரோ? அந்நாளில் வானொலியில் ஒரு நீக்ரோ பாடகர் பாடிய 'ஸ்டீல் அவே' அவர் செவியில் விழுந்தது. அமெரிக்காவில் சொந்த மண்ணிழந்து அடிமைப்பட்டோர் பாடிவைத்த பாடல் எவர்க்கும் பொதுவாகுமெனக் கண்டு, அவ்வகைப் பாடல்கள் ஐந்தைத் தேர்ந்து அமைத்தார். யூதர் வீடுகள் எரிந்த கட்டத்தையடுத்து, எகிப்தினின்று இஸ்ரவேலரை விடுவிக்குமாறு கேட்கும் 'கோ டவுன் மோசஸ்' சினத்தோடு எழுகிறது. இறுதியில் 'டீப் ரிவர்', ஆற்றைக் கடந்து அக்கரை சேர விழையும் பாடல், மெல்லென ஓய்கிறது.

1939 செப்டம்பரில், போர் மூண்ட சில நாட்களிலேயே தொடங்கிய வேலை 1941இல் முடிந்தது. அரங்கேறுமுன் டிப்பெட் சிறையும் புகுந்தார். போரை மனச்சாட்சியால் மறுத்தவர், அதற்கு ஈடாக விதித்த பணியையும் ஏற்காமையே குற்றம். 1944 மார்ச் 19ஆம் தேதி லண்டன் அடெல்பி நாடகசாலையில் லண்டன் பில்ஹார்மோனிக் வாத்தியக் குழு வாசித்தது. மார்லி கல்லூரிப் பாடகரோடு, குண்டுவீச்சினின்று நகரைக் காக்கும் தொண்டர் குழுவினரும் நின்று பாடினர். வாத்தியக் குழுவை நடத்திய வால்டர் கோயரும் பெர்லினிற் பிறந்து இங்கிலாந்திற் புகலடைந்த யூதரே.

ஹெர்ஷல் அதனைக் கேட்டிலன். 1940இல் பிரான்ஸ் வீழ்ந்தபின் ஜெர்மானியர் கையிற் சிக்கியவன், போர் முடிந்தும் திரும்பவில்லை. பெற்றோர் உயிர் தப்பினர். அவர்கள் வேண்டியபடி 1960இல் அவன் இறந்தவனென அறிவிக்கப்பட்டான்.