பாடி மரம் உளுத்துப்போன பழைய லாரி: திரும்பக் கட்டலாமா, வித்துடலாமா?

போன வீடியோவுல பழைய வண்டிக்கு லோன் எடுக்கிறதைப் பத்திப் பேசியிருந்தோம். அதைப் பார்த்துட்டு திருச்செங்கோடு பக்கத்துல இருந்து ஒரு அண்ணன் ஆபீசுக்கு வந்தார். சொந்தமா ஒரே ஒரு லாரி, அவரே டிரைவர். வண்டிக்கு 13 வயசு. பாடியில தரைப் பலகை உளுத்துப்போச்சு. பட்டறையில முழுசா கட்டித் தர 3,50,000 ரூபாய் கேட்டிருக்காங்க. பேங்க்ல 5 லட்சம் எஃப்.டி. இருக்கு. அது பொண்ணோட காலேஜ் பணம். வண்டி நெத்தியில எழுதியிருக்கிறதும் அந்தப் பொண்ணு பேர்தான்.

"எஃப்.டி.யை உடைச்சுக் கட்டிடலாமுங்களா தம்பி?" இதுதான் கேள்வி.

நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி மூணு ஊரும் லாரி பாடி கட்டுறதுக்குப் பேர் போன ஊருங்க. அதனால "கட்ட முடியுமா?"ன்னு கேட்டா இங்க எல்லாருமே "கட்டலாமுங்க"ன்னுதான் சொல்லுவாங்க. பட்டறைக்காரர் பொய் சொல்லல, அவரால கட்ட முடியும். ஆனா நமக்கு வேண்டிய கேள்வி வேற. கட்டினா போட்ட பணம் திரும்ப வருமா?

முதல்ல மரத்தைப் பாருங்க, அப்புறம் கணக்கு

மரம் சும்மா உளுக்காது. தண்ணி உள்ள போய், வெளிய வர வழியில்லாம தங்கினாத்தான் பூஞ்சை புடிச்சு உளுக்கும். அதனால போல்ட் ஓட்டையைச் சுத்தி, இரும்புத் தகடுக்கு அடியில, தரையும் பக்கப் பலகையும் சேர்ற மூலையில, இந்த மூணு இடத்துலதான் முதல்ல பார்க்கணும். சுத்தியலால தட்டுங்க. நல்ல மரம் 'டக்'னு கணீர்னு கேக்கும், உளுத்தது 'பொத்'துனு கேக்கும். சந்தேகமா இருந்தா ஸ்க்ரூ டிரைவரால குத்துங்க. சுலபமா இறங்கினா அந்தக் கட்டை போச்சு.

இது லாரிக்கு மட்டும் இல்ல. 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கடற்கரையில ஃபைபர் படகு நிறைய வந்துச்சு. ஃபைபர் உளுக்காதுதான். ஆனா அந்த மாதிரி படகுகள்ல இன்ஜின் மாட்டுற பின்பக்கப் பலகைக்கு உள்ள பல நேரம் பிளைவுட் இருக்கும். போல்ட் ஓட்டை வழியா தண்ணி இறங்கி பிளைவுட் உளுத்துரும். வெளியில ஃபைபர் பளபளன்னு இருக்கும். படகோ லாரியோ, மேல் பூச்சைப் பார்த்துப் போடுற எஸ்டிமேட் பிரிச்சுப் பார்த்ததும் ஏறத்தான் செய்யும். நான் எப்பவும் எஸ்டிமேட் மேல 25 சதவீதம் கூட்டித்தான் கணக்கு எழுதுவேன்.

இன்னொண்ணு, கொட்டேஷன் ஜி.எஸ்.டி. சேர்த்தா சேர்க்காமலான்னு கேட்டுக்குங்க. உங்க சேசிஸ் மேல அவங்க பாடி கட்டித் தந்தா அது சேவை, 18 சதவீதம் வரி. பில் வரும்போது தெரிஞ்சா கஷ்டம்.

இப்ப கணக்கு

கீழ இருக்கிற தொகை எல்லாம் அந்த அண்ணன் சொன்னதும், நாங்க உக்காந்து தோராயமா போட்டதும். உங்க வண்டிக்கு உங்க தொகையைப் போட்டுக்குங்க, முறை ஒண்ணுதான்.

இன்னைக்கு இருக்கிற நிலையிலேயே வித்தா 5,00,000.

வழி 1, முழுசா கட்டுறது:
• கொட்டேஷன், ஜி.எஸ்.டி. சேர்த்து: 3,50,000
• எதிர்பாராத செலவு 25%: 87,500
• 45 நாள் வண்டி நிக்கிற நஷ்டம்: 60,000
• மொத்தம்: 4,97,500
• கட்டினா ஓடும்: 4 வருஷம். அப்ப வித்தா: 2,50,000

வழி 2, தரைப் பலகையும் உளுத்த கட்டையும் மட்டும் மாத்துறது:
• செலவு 90,000, கூடுதல் 25% 22,500, 12 நாள் நஷ்டம் 16,000
• மொத்தம்: 1,28,500
• ஓடும்: 18 மாசம். அப்ப வித்தா: 3,50,000

இங்கதான் எல்லாரும் தப்பு பண்றோம். "வண்டி நம்மளுது, அதுக்கு என்ன செலவு?"ன்னு நினைக்கிறோம். இன்னைக்கு வித்தா 5 லட்சம் கையில வரும். விக்காம வெச்சிருக்கிறீங்கன்னா அந்த 5 லட்சத்தையும் இதே வண்டியில திரும்பப் போடுறீங்கன்னு அர்த்தம்.

வழி 1-ல போடுற பணம் 9,97,500. கடைசியில 2,50,000 திரும்ப வரும். மிச்சம் 7,47,500. அதை 48 மாசத்துக்குப் பிரிச்சா மாசம் 15,573. இதோட அந்தப் பணத்துக்கு எஃப்.டி. வட்டி 7 சதவீதம்னு வெச்சு, சராசரியா முடங்கியிருக்கிற 6,23,750-க்குப் போட்டா மாசம் 3,639. ரெண்டும் சேர்த்து சுமார் 19,200. வழி 2-க்கும் இதே மாதிரி போட்டா சுமார் 18,300.

"வண்டி மாசம் 40,000 மிச்சம் தருதே தம்பி, அப்புறம் என்ன?" அப்படின்னார். டீசல், டோல், டயர், இன்சூரன்ஸ், வரி எல்லாம் போகத்தான் அந்த 40,000. சரிங்கண்ணா, உங்க கூலியைக் கழிச்சீங்களா? இதே மாதிரி வண்டியை வேற ஒருத்தருக்கு ஓட்டினா எவ்வளவு தருவாங்க? "25,000 தருவாங்க." அப்ப வண்டி சம்பாதிக்கிறது 15,000-தான். மீதி நீங்க சம்பாதிக்கிறது.

வண்டி கொண்டுவர்றது 15,000. வண்டிக்கு ஆகுறது வழி 1-ல 19,200, வழி 2-ல 18,300. ரெண்டுலயுமே மாசாமாசம் கையை விட்டுப் போகுது. இன்ஜின் வேலை வந்தா இன்னும் போகும். அந்தக் கணக்கை நான் சேர்க்கவே இல்ல.

எப்ப கட்டலாம்?

இதே தொகைக்கு, கூலி போக வண்டி 19,200-க்கு மேல கொண்டுவரணும். அதாவது மாசம் 44,200-க்கு மேல நிச்சயமா வர்ற மாதிரி நிரந்தர லோடு இருந்தா தாராளமா கட்டுங்க. வண்டிக்கு 7, 8 வயசுதான், சேசிஸும் இன்ஜினும் நல்லா இருக்குன்னாலும் கட்டலாம், ஏன்னா செலவு நிறைய வருஷத்துக்குப் பிரியும். 13 வயசு வண்டிக்குப் புது பாடி போட்டாலும் வாங்குறவர் ஆர்.சி. புக்குல வருஷத்தைப் பார்த்துத்தான் விலை சொல்லுவார். 8 வயசு தாண்டினா எஃப்.சி.யும் வருஷா வருஷம். கட்டும்போது நீள அகலத்தை மாத்தாதீங்க. ஆர்.சி.யில இருக்கிற விவரம் மாறினா ஆர்.டி.ஓ. அனுமதி வேணும்.

வரியில ரெண்டு விஷயம்

ஒண்ணு. 10 வண்டிக்கு மேல இல்லாதவங்க பெரும்பாலும் பிரிவு 44ஏஇ முறையில கணக்கு காட்டுறாங்க. புதிய வருமான வரிச் சட்டத்துல பிரிவு எண் மாறினாலும் முறை அதேதான். 12 டன்னுக்கு மேல எடையுள்ள வண்டிக்கு டன்னுக்கு மாசம் 1,000 ரூபாய் வருமானம்னு எடுத்துக்குவாங்க. 28 டன் வண்டின்னா வருஷம் 3,36,000. இதுல பாடி கட்டின செலவைத் தனியா கழிக்க முடியாது. வண்டி பட்டறையில நின்ன மாசத்துக்கும் கணக்கு உண்டு, ஏன்னா வண்டி உங்க பேர்ல இருந்தாலே போதும். அதனால "செலவு பண்ணினா வரி குறையும்"ங்கிற பேச்சு இவங்களுக்குப் பொருந்தாது.

ரெண்டு. வித்தாலும் வரி கணக்கு உண்டு. வாடகைக்கு ஓடுற லாரிக்குத் தேய்மானம் வருஷம் 30 சதவீதம். 44ஏஇ-ல இருந்தாலும் அது கழிச்சதாகவே எடுத்துக்குவாங்க. 20 லட்சத்துக்கு வாங்கின வண்டி 13 வருஷத்துல கணக்குப்படி 20,000-க்கும் கீழ வந்திருக்கும். இருக்கிற ஒரே வண்டியை 5 லட்சத்துக்கு வித்தா கிட்டத்தட்ட 4,80,000 குறுகிய கால மூலதன ஆதாயம். 2025-26 நிதியாண்டுல இருந்து புதிய வரி முறையில மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள்ள இருந்தா வரித் தள்ளுபடி கிடைக்கும், ஆனா ரிட்டர்ன் கண்டிப்பா போடணும்.

அண்ணன் என்ன பண்ணினார்?

கணக்கைப் பார்த்துட்டு ரொம்ப நேரம் பேசல. அப்புறம், "சொந்த வண்டி ஓட்டுறவனுக்கும் சம்பளத்துக்கு ஓட்டுறவனுக்கும் வித்தியாசம் இருக்குதுங்க"ன்னார். உண்மைதான். அந்த மரியாதைக்கும் ஒரு விலை இருக்கு. வழி 2-ல அது மாசம் 3,300. அது கட்டுப்படியாகும்னா கொடுக்கலாம், தப்பில்ல. ஆனா ஒரு எல்லை வெச்சுக்குங்கன்னு சொன்னேன். பிரிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாக் கட்டையையும் குத்திப் பார்க்கணும். வேலைச் செலவு 1,12,500-ஐத் தாண்டினா தொடவே கூடாது.

அடுத்த வாரம் போன் பண்ணினார். அடியில நீளக் கட்டை ஒண்ணும் போயிருச்சாம், பட்டறையில 1,60,000 சொன்னாங்களாம். அப்படியே 4,80,000-க்கு வித்துட்டார். எஃப்.டி.யைத் தொடல. இப்ப தெரிஞ்சவர் வண்டியை ஓட்டிட்டு இருக்கார். பொண்ணுக்கு முதல் வருஷ ஃபீஸ் கட்டியாச்சு.

உங்க வண்டிக்கு மூணு தொகையை மட்டும் எழுதி வெச்சுக்குங்க. இன்னைக்கு வித்தா எவ்வளவு, கட்டி ஓட்டி முடிச்சப்புறம் வித்தா எவ்வளவு, உங்க கூலி போக மாசம் எவ்வளவு. இந்த மூணும் எழுதாம பட்டறைக்கு அட்வான்ஸ் கொடுக்காதீங்க. அடுத்த வீடியோவுல பழைய வண்டிக்கு இன்சூரன்ஸ் மதிப்பு எப்படிப் போடுறாங்கன்னு பார்க்கலாம்.