இரண்டு கட்டங்கள் விடுபட்டன, 90 கோடி டாலர் போனது!

பில், சரக்கு இருப்பு, சம்பளக் கணக்கு என நம் கடைகளின் வேலை எல்லாம் கம்ப்யூட்டர் திரைக்கு வந்துவிட்டது. மென்பொருள் வாங்கும்போது நாம் விலையைக் கேட்கிறோம், திரையின் அழகைப் பார்க்கிறோம். அதில் வேலை செய்பவருக்கு அது புரிகிறதா என்று மட்டும் கேட்பதில்லை.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குப் பலர் கொடுத்திருந்த கடனை சிட்டி வங்கி நிர்வகித்து வந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று அவர்களுக்கு அனுப்ப வேண்டியிருந்தது சுமார் 78 லட்சம் டாலர் வட்டி மட்டுமே. ஆனால் அசலும் சேர்ந்து, வங்கியின் சொந்தப் பணம் ஏறத்தாழ 90 கோடி டாலர் போய்விட்டது.

என்ன நடந்தது?

வங்கி பயன்படுத்திய பிளெக்ஸ்கியூப் மென்பொருளில், அசல் வெளியே போகாமல் உள்கணக்கில் நிற்க வேண்டுமானால் 'பிரின்சிபல்', 'ஃபிரண்ட்', 'ஃபண்ட்' என்ற மூன்று கட்டங்களையும் நிரப்ப வேண்டும். பிரின்சிபல் என்றால் அசல்தானே என்று அதை மட்டும் நிரப்பினார்கள். ஒருவர் பதிந்தார், ஒருவர் சரிபார்த்தார், மூன்றாமவர் அனுமதி தந்தார். மூவருக்கும் தவறு தெரியவில்லை.

பணம் வங்கிக்கு வெளியே செல்லும், தொடரலாமா என்று திரை கேட்கவும் செய்தது. எவ்வளவு பணம் என்று அது சொல்லவில்லை. வட்டி போகத்தானே வேண்டும், தொடர்ந்தார்கள்.

சுமார் 50 கோடி டாலரைத் திருப்பித் தர சிலர் மறுத்தனர். 2021 பிப்ரவரியில் நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. 2022 செப்டம்பரில்தான் மேல்முறையீட்டில் அது மாறியது.

நமக்கு என்ன பாடம்?

மூவரின் கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. வேலை செய்பவர் பக்கத்தில் அமர்ந்து, தினமும் நடப்பது எது, எப்போதாவது நடப்பது எது, எங்கே தவறினால் நஷ்டம் பெரிது என்று முதலில் அறிவதே பகுப்பாய்வு. அதைத் திரையில் கொண்டுவருவதே வடிவமைப்பு. 'அசலும் போகிறது, மொத்தம் இவ்வளவு' என்று ஒரு வரி இருந்திருந்தால் மூவரில் ஒருவராவது நிறுத்தியிருப்பார்.

எனவே மென்பொருள் வாங்கும் முன், கல்லாவில் உட்காருபவரையே அதை இயக்கச் சொல்லுங்கள். வேண்டுமென்றே ஒரு பில்லைத் தவறாகப் போட்டுப் பாருங்கள். திரை தடுக்கிறதா, தொகையைச் சொல்கிறதா, போட்டதைத் திருத்த வழி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

கம்ப்யூட்டர் படிக்கும் நம் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்வோம். நிரல் எழுதுவதற்கு முன், அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் கேட்கப் பழக வேண்டும்.